இலையே இல்லாத ரிப்பன் செடியில் திடீரென்று இலை வருகிறது, என்ன செய்யலாம்?

ஸ்ரீரங்கம் மாடித்தோட்டம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் மொட்டைமாடியில் பெரும்பாலும் காய்கறிதான். அழகுக்காக என்று வாங்கிய செடிகள் ரொம்பக் குறைவு. போன தை மாதம் ஒரு நர்சரியில் கண்ணில் பட்டது இந்தச் செடி. இலை என்று ஒன்றுகூட இல்லை. தரையிலிருந்தே பச்சைப் பசேலென்று தட்டைத் தட்டையாகத் தண்டுகள். ஒவ்வொன்றும் விரல் அகலம், இரண்டு பக்கமும் ஒரே வழவழப்பு. கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி விட்டுக் குறுக்கே கோடு போட்டதுபோல் கணுக்கள். பார்த்ததும் பிடித்துப்போய் வாங்கிவிட்டேன். நர்சரிக்காரர் “ரிப்பன் செடி சார், கள்ளி ஜாதி. வாரத்துக்கு ஒருநாள் தண்ணி போதும்” என்றார்.

சித்திரை, வைகாசியில் நுனியெல்லாம் மஞ்சளாகிக் காய ஆரம்பித்தது. வெயிலுக்கு எல்லாச் செடியும் வாடும் என்று விட்டுவிட்டேன். ஐப்பசி மழை பிடித்ததும் அடியிலிருந்து புதுத் தளிர்கள் கிளம்பின. அந்தத் தளிர்களின் விளிம்பில், இரண்டு பக்கமும் மாறி மாறி, சின்னச் சின்னதாய் ஈட்டி முனை மாதிரி இலைகள்! பழைய தண்டுகளில் ஒன்றுமில்லை, புதுசில் மட்டும்தான்.

இது நோயா? அல்லது ஒட்டுக்கட்டிய செடியில் அடிச்செடி துளிர்ப்பதுபோல் வேறு ஏதாவது கிளம்புகிறதா? கிள்ளிவிடலாமா? இன்னொன்று, அடித்தண்டு இப்போது தட்டையாக இல்லை. உருண்டு, பழுப்பாகி, மரம்போல் இருக்கிறது. அழுகலோ என்று பயமாக இருக்கிறது. அம்மா வேறு “இது பிரண்டையில் ஒரு ரகம்டா, துவையல் அரைக்கலாம்” என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கோவை கள்ளித்தோட்டம் எழுதியது:

நான் கள்ளிதான் வளர்க்கிறேன், இந்தச் செடி என்னிடம் இல்லை. ஆனால் நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கள்ளி மாதிரித் தெரியவில்லை. ஒரு தண்டின் நுனியை ஒடித்துப் பாருங்கள். பால் வருகிறதா? உள்ளே சதைப்பற்று இருக்கிறதா? கணுவில் முள்ளோ, முள் இருந்த மெத்தை போன்ற புள்ளியோ தெரிகிறதா? அப்புறம், துவையல் யோசனையை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். பேர் தெரியாத செடி வாயில் படவே கூடாது.

---

ஸ்ரீரங்கம் மாடித்தோட்டம் எழுதியது:

ஒடிக்கப் பார்த்தேன், சட்டென்று ஒடியவில்லை. வளைகிறது. நாராகக் கிழிந்துதான் வந்தது. பால் இல்லை, வழவழப்பான நீரும் இல்லை. சதை என்று சொல்ல ஒன்றுமே இல்லை, தடித்த இலையைக் கிழித்த மாதிரிதான் இருந்தது. முள்ளும் கிடையாது. அம்மாவும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, பிரண்டை இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

---

தாவரவியல் டீச்சர், தஞ்சை எழுதியது:

தம்பி, முதலில் நிம்மதியாக இருங்கள். இலை வருவது நோய் இல்லை, வேறு செடியும் கிளம்பவில்லை. கிள்ள வேண்டாம். தளிர் முற்றும்போது அந்த இலைகள் தானாகவே உதிர்ந்துவிடும். அடித்தண்டு உருண்டு மரமாவதும் இயல்பு. சந்தேகம் இருந்தால் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே கெட்டியாக, ஈரப் பச்சையாக இருந்தால் ஒன்றுமில்லை. கொழகொழவென்று பழுப்பாக இருந்தால்தான் அழுகல்.

நான் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். ரிப்பன் செடி என்று நாங்கள் சொன்னதில்லை, எங்களுக்கு இது மூலன்பெக்கியா. பிளஸ் ஒன் தாவரவியல் எடுத்தவர்களுக்கு ‘இலைத்தொழில் தண்டு’ பாடம் நினைவிருக்கும். சப்பாத்திக்கள்ளி, ஃபில்லோகாக்டஸ், மூலன்பெக்கியா என்று ஒரு மூச்சில் ஒப்பிப்பார்கள். ஃபில்லோகாக்டஸ் வேறு ஒன்றும் இல்லை, ராத்திரியில் பூக்கும் நிஷாகந்தியைத்தான் முன்பு அப்படி அழைத்தார்கள். அது இன்று தெருவுக்குத் தெரு இருக்கிறது. சப்பாத்திக்கள்ளியைக் காட்டவே வேண்டாம். மூன்றாவதாக வரும் இந்த மூலன்பெக்கியாவைத்தான் கல்லூரித் தோட்டத்துக்கு வெளியே யாரும் அதிகம் பார்த்ததில்லை. அதை ஒருவர் ஆசைப்பட்டு வாங்கி மாடியில் வைத்திருக்கிறார் என்று படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்போது நர்சரியில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் செடி வெயிலில் பட்ட பாட்டுக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. இலைக்குப் பதிலாகத் தண்டே பச்சையாகி உணவு தயாரிப்பது வறண்ட நிலத் தாவரங்களின் குணம் என்று பாடத்தில் படிக்கிறோம். சப்பாத்திக்கள்ளிக்கு அது சரி, திருகுக்கள்ளிக்கும் சரி. அதே வரிசையில் இதன் பெயரும் இருப்பதால் இதையும் கள்ளியோடு சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் இதன் சொந்த ஊர் சாலமன் தீவுகள். பப்புவா நியூ கினிக்குக் கிழக்கே, பசிபிக் கடலில், பூமத்திய ரேகைக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிற தீவுக்கூட்டம். அங்கே பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நம் மாநிலத்தின் சராசரி 1000-த்தைக்கூட எட்டாது. அப்படி மழையில் ஊறி வளர்ந்த செடிக்குத் திருச்சி வெயிலில், மாடித் தொட்டியில், வாரம் ஒரு தண்ணீர் எப்படிப் போதும்?

இலை இல்லை என்பதும் தண்ணீர் வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. நீங்களே கிழித்துப் பார்த்துவிட்டீர்கள், உள்ளே சதை இல்லை. கள்ளி தன் தண்டில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு கோடையைத் தாண்டும். இதற்கு அந்தச் சேமிப்பே கிடையாது. மெல்லிசான, நார் நிறைந்த தண்டு. மண் காய்ந்தால் நேராக நுனி காயும்.

எங்கள் துறைத் தோட்டத்தில் ஒரே தாய்ச்செடியின் குச்சிகளை இரண்டு இடத்தில் நட்டிருந்தார்கள். ஒன்று கற்களை அடுக்கிக் கள்ளிகள் வைத்த மேட்டில், பெயர்ப் பலகையோடு. இன்னொன்று ஆய்வகத்துக்குப் பின்னால், கண்ணாடிச் சாமான் கழுவுகிற குழாயடி ஓரமாக, யாரோ மீந்த குச்சியைச் செருகியது. மேட்டுச் செடி முழங்கால் உயரத்தைத் தாண்டவே இல்லை. எப்போதும் வெளிறிப்போய், விளிம்பெல்லாம் சிவப்பேறி நிற்கும். குழாயடிச் செடி ஆள் உயரத்துக்கு மேல் புதராக மண்டி, ஜன்னலை மறைத்தது. அதற்குப் பாதி நாள் நிழல், எந்நேரமும் ஈரம். செய்முறை வகுப்புக்கு நாங்கள் தண்டு அறுத்துக்கொண்டதெல்லாம் அதிலிருந்துதான்.

உங்கள் செடியில் ஐப்பசியில் இலை வந்ததற்கும் இதுதான் விளக்கம். மழை பெய்ததும் அடியிலிருந்து வேகமாகத் தளிர் கிளம்பியிருக்கிறது. இளந்தளிரில் இலை வருவதும், சில காலம் இருந்துவிட்டு உதிர்வதும் இந்தச் செடியின் வழக்கம். நர்சரியில் வாங்கும்போது முற்றிய தண்டுகளை மட்டும் பார்த்திருப்பீர்கள். இன்னொரு உதாரணமும் இருக்கிறது. இதன் நெருங்கிய சொந்தம் ஒன்று ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில், மரே, டார்லிங் ஆறுகளின் வெள்ளச் சமவெளிகளில் வளர்கிறது. அங்கே அதை லிக்னம் என்பார்கள். வருஷத்தின் பெரும்பகுதி இலையில்லாமல் சிக்குப்பிடித்த குச்சிக் கூட்டமாகக் கிடக்கும். வெள்ளம் வந்து போனதும் இலை விடும், பூக்கும். நீர்ப்பறவைகள் அதில் கூடு கட்டும்.

சரி, நாளைக் காலையில் ஒரு வேலை செய்யுங்கள். இளந்தண்டு ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நீளவாக்கில் மெல்லிய கோடுகள் நெருக்கமாக ஓடும். ஏணிப்படிபோல் குறுக்கே வரும் கோடுதான் கணு. அந்தக் கணுவைச் சுற்றிச் சருகுபோல் மெல்லிய பழுப்பு உறை ஒன்று ஒட்டியிருக்கும், லென்ஸ் இருந்தால் நன்றாகத் தெரியும். இந்த உறை பாலிகோனேசி குடும்பத்தின் முத்திரை. சுக்கான்கீரையிலும் இதே இடத்தில் இதைப் பார்க்கலாம். ஆமாம், உங்கள் செடி சுக்கான்கீரைக்கும், வேலியில் ரோஸ் நிறத்தில் கொத்தாகப் பூக்கிற கொடிரோஜாவுக்கும்தான் சொந்தம். கள்ளிக்கு இல்லை.

பார்ப்பதற்கு இலையாக இருந்தும் இதைத் தண்டு என்று எப்படிச் சொல்கிறோம்? இலைக்குக் கணு கிடையாது, ஒரு இலையின் மேல் இன்னொரு இலை முளைக்காது. இதில் கணு இருக்கிறது, கணுவில் இலையும் பூவும் பக்கக் கிளையும் வருகிறது. இதைவிடத் தெளிவாக ஒன்று உண்டு. புது பிளேடால் குறுக்கே மெலிதாகச் சீவி, வாட்ச் கிளாஸில் சாஃப்ரனின் சாயத்தில் போட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், நடுவில் சோறு என்று நாங்கள் சொல்லும் மென்மையான திசு, அதைச் சுற்றி வளையமாக, நீரையும் உணவையும் கடத்தும் சாற்றுக்குழாய்க் கற்றைகள். தண்டு தட்டையானதால் வளையமும் நசுங்கி நீண்டிருக்கும், அவ்வளவுதான். வெளிப்பக்கம் பச்சையம் நிறைந்த திசு, இடையிடையே தாங்கிப் பிடிக்கும் நார்த்திட்டுகள். நீங்கள் ஒடிக்கப் பார்த்தபோது ஒடியாமல் கிழிந்தது இந்த நாரால்தான். ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு பிள்ளை நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கி “மேடம், இது நிஜமாவே தண்டுதான்!” என்று சொல்லும். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே இந்தச் செய்முறையை நான் விடாமல் வைத்திருந்தேன்.

உங்கள் செடிக்கு இனி என்ன செய்யலாம் என்று கேட்டால்: மேல்மண் தொட்டால் ஈரம் ஒட்டாத நிலை வந்ததும் தண்ணீர் ஊற்றுங்கள், கோடையில் அது தினமும்கூட ஆகலாம். தண்ணீர் தேங்கவும் கூடாது, தொட்டியின் அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலை வெயில் நல்லது. பங்குனி முதல் ஆவணி வரைக்கும் உச்சி வெயிலும் மேற்கு வெயிலும் படாத இடத்துக்கு நகர்த்திவிடுங்கள். இலையில்லை என்று தண்டுகளைக் கண்டபடி கத்தரிக்காதீர்கள், இந்தச் செடிக்கு இருக்கிற இலை அந்தத் தண்டுதான். காய்ந்த நுனியை மட்டும் கணுவை ஒட்டி வெட்டுங்கள்.

துவையல் வேண்டவே வேண்டாம். அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

---

நாகர்கோவில் செடிக்காரி எழுதியது:

டீச்சர் சொல்வது நூற்றுக்கு நூறு. எங்கள் வீட்டில் இது தரையிலேயே நிற்கிறது, பலாமரத்து நிழலில். தனியாகத் தண்ணீர் ஊற்றுவதே இல்லை, எங்கள் ஊரில் இரண்டு மழையும் உண்டு. இரண்டு ஆள் உயரம் போய், பாரம் தாங்காமல் சாய ஆரம்பித்ததும் கம்பு கட்டினோம்.

தம்பி, குச்சி போட விரும்பினால் ரொம்ப எளிது. வெறும் தட்டை நுனியை மட்டும் வைக்காதீர்கள். அடிப்பக்கம் கொஞ்சம் உருண்டு வருகிற இடமாகப் பார்த்து, ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுங்கள். இரண்டு கணுவாவது மண்ணுக்குள் போக வேண்டும். ஆற்று மணலும் தேங்காய் நார்த்தூளும் சரிபாதி கலந்து, நிழலில் வைத்து, ஈரம் காயாமல் பார்த்தால் மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். பிடித்ததா என்று பிடுங்கிப் பார்க்கக் கூடாது. பக்கக் கணுவில் தளிர் தெரிந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. மாவுப்பூச்சிக்கு இந்தக் கணுக்கள் ரொம்பப் பிடிக்கும். டீச்சர் சொன்ன அந்தச் சருகு உறைக்குள் போய் ஒளிந்துகொள்ளும், வெளியே லேசாக வெள்ளைப் பொடி மட்டும் தெரியும். எறும்பு ஏறுகிறதென்றால் சந்தேகப்படுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் அடியுங்கள். அடிப்பதற்கு முன்னால் பழைய பல் பிரஷ்ஷால் கணுவைத் தேய்த்துவிட்டால்தான் மருந்து உள்ளே போகும்.

---

ஸ்ரீரங்கம் மாடித்தோட்டம் எழுதியது:

டீச்சருக்கும் அக்காவுக்கும் ரொம்ப நன்றி. தொட்டியை இன்றைக்கே தண்ணீர்த்தொட்டியின் கிழக்குப் பக்கம் மாற்றிவிட்டேன், மத்தியானத்துக்கு மேல் அங்கே நிழல். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோடுகள், கணு, சருகு உறை எல்லாம் டீச்சர் சொன்ன இடத்திலேயே இருக்கிறது.

இரண்டு சந்தேகம். இது பூக்குமா? இணையத்தில் தேடினால் சில இடத்தில் ஹோமலோகிளாடியம் என்று வருகிறது, அது வேறு செடியா?

---

தாவரவியல் டீச்சர், தஞ்சை எழுதியது:

அதே செடிதான் தம்பி. 1850களில் மெல்போர்னில் இருந்த தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் வான் முல்லர் இதை முதலில் பாலிகோனம் என்ற பேரினத்தில் வைத்து விவரித்தார். 1865-ல் மைஸ்னர் மூலன்பெக்கியாவுக்கு மாற்றினார். 1929-ல் அமெரிக்காவின் பெய்லி, தண்டு இப்படித் தட்டையாக இருப்பதால் தனிப் பேரினம் வேண்டும் என்று ஹோமலோகிளாடியம் என்று பிரித்தார். மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மூலன்பெக்கியாவோடுதான் சேரும் என்று மறுபடி பழைய பெயருக்கே வந்திருக்கிறார்கள். நர்சரிப் பட்டியல்களில் இரண்டு பெயரும் புழங்கும். எந்தப் பெயரில் தேடினாலும் இரண்டாவது சொல் பிளாடிகிளாடம் அல்லது பிளாடிகிளாடா என்று இருந்தால் உங்கள் செடிதான்.

பூக்கும். ஆனால் தேடிப் பார்க்க வேண்டும். கணுவில், விளிம்பை ஒட்டி, பச்சை கலந்த வெள்ளையில் கடுகளவு பூக்கள் கொத்தாக வரும். தூரத்திலிருந்து பார்த்தால் தூசி படிந்த மாதிரிதான் தெரியும், மாவுப்பூச்சி என்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள்! காய் பிடித்தால் இன்னும் அழகு. பூவின் இதழ்களே உதிராமல் சதைப்பற்றாகி விதையை மூடிக்கொள்ளும். முதலில் சிவப்பு, பிறகு கருஞ்சிவப்பு. அந்தச் சின்னப் பழத்தைப் பிதுக்கினால் உள்ளே மூன்று பட்டையாக ஒரே ஒரு விதை இருக்கும். நாகர்கோவில் அம்மா, உங்கள் செடி காய்க்கிறதா?

---

நாகர்கோவில் செடிக்காரி எழுதியது:

காய்க்கிறது டீச்சர். பழம் கறுக்கிற நேரத்தில் கொண்டைக்குருவிகள் வந்து உட்கார்ந்துவிடும், முழுசாகப் பழுத்த ஒன்றை நான் பறித்ததே அபூர்வம். இந்தத் தடவை ஒரு கிளைக்கு வலை கட்டி வைக்கிறேன். விதை கிடைத்தால் உங்கள் இரண்டு பேருக்கும் அனுப்புகிறேன். தம்பி, உங்களுக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். தை பிறந்ததும் குச்சி வெட்டுவேன், வேண்டுமென்றால் ஈரத்துணியில் சுற்றிக் கூரியரில் போடுகிறேன். ஒரு செடிக்கு இரண்டாக இருந்தால் ஒன்றை வெயிலில் வைத்துப் பார்க்கலாம்.

---

கோவை கள்ளித்தோட்டம் எழுதியது:

அக்கா, எனக்கும் இரண்டு குச்சி. கள்ளிகளோடு வைக்க மாட்டேன், தொட்டிச் செம்பருத்தி வரிசையில் வைக்கிறேன்.